படம் எங்கே போகப்போகிறது என்று முதலில் கேளுங்கள்

கேள்வி இதுதான்: கோயம்புத்தூரில் சில வருடங்களாக ஒரு கல்யாண டீமில் செகண்ட் கேமராவாக வேலை பார்க்கிறீர்கள். இனி தனியாக வந்து கம்பெனி நிகழ்ச்சி, ஓட்டல் மெனு, பொருள் விளம்பரம் என்று எல்லாவற்றையும் எடுக்கலாம் என்று நினைக்கிறீர்கள். கையில் ஒரு கேமரா, இரண்டு லென்ஸ். இந்த வேலைகள் ஒன்றுக்கொன்று எப்படி வேறுபடும், என்ன கருவி வேண்டும், ரேட் எப்படிச் சொல்வது? இதே ஊரில் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பிழைப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கலந்து செய்வது நல்ல முடிவுதான். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. கல்யாணத்தை மட்டும் நம்பினால் அந்த மாதங்களில் கேமரா பையிலேயே கிடக்கும். மற்ற வேலைகளின் காலண்டர் வேறு. தீபாவளிக்குத் துணிக்கடைக்காரர்கள் போடும் விளம்பரத்துக்கு ஆடி, ஆவணியிலேயே படம் எடுத்தாக வேண்டும். ஆடித் தள்ளுபடி விளம்பரமோ ஜூன் மாத வேலை. புரட்டாசியில் அசைவ ஓட்டல்களில் கூட்டம் குறையும்; முதலாளிக்கும் மாஸ்டருக்கும் நேரம் கிடைக்கிற மாதம் அது, புது மெனு எடுக்கக் கேட்டுப் பாருங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை கம்பெனிகளின் மீட்டிங், டீலர் சந்திப்பு, ஆண்டு விழா. இப்படிப் பார்த்தால் வருடம் ஓரளவு நிரம்பிவிடும்.

ஆனால் கல்யாணப் பழக்கத்தோடு இந்த வேலைகளுக்குள் போனால் இடிக்கும். கல்யாணத்தில் படம் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை, ஆல்பத்துக்குத்தான். இங்கே அதுதான் முதல் கேள்வி. இன்று மாலையே பத்திரிகைகளுக்குப் போகிறதா, உணவு டெலிவரி ஆப்பில் கட்டைவிரல் அளவுக்குத் தெரியப்போகிறதா, அமேசானில் வெள்ளைப் பின்னணியில் நிற்கப்போகிறதா, சிவகாசியில் காலண்டராக அச்சாகப்போகிறதா, அவிநாசி ரோட்டில் ஹோர்டிங்காக ஏறப்போகிறதா? லைட், லென்ஸ், ரேட், டெலிவரி நாள் எல்லாம் இந்தப் பதிலிலிருந்துதான் வரும். போனில் வாடிக்கையாளர் "ஒரு நாளைக்கு எவ்வளவுங்க?" என்று ஆரம்பித்தாலும், நீங்கள் "படம் எதுக்குங்க வேணும்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். கொடிசியா வளாகத்தில் ஒரு கண்காட்சித் திறப்பு விழா, அல்லது நட்சத்திர ஓட்டல் ஹாலில் ஒரு டீலர் மீட்டிங். அவர்களுக்கு அழகான படம் இரண்டாம் பட்சம். முக்கியமான ஆள், முக்கியமான நொடி, பின்னால் கம்பெனி லோகோ, இந்த மூன்றும் ஒரே படத்தில் வேண்டும். குத்துவிளக்கு ஏற்றுவதையே பாருங்கள். விருந்தினர்கள் விளக்கைச் சுற்றி நின்றுகொள்வார்கள். முதலாமவர் மெழுகுவர்த்தியை நீட்டும்போது அவர் கையே அடுத்தவர் முகத்தை மறைக்கும். ஏசிக் காற்றில் திரி பிடிக்காது. விவரம் தெரிந்தவர்கள் திரி நுனியில் முன்கூட்டியே கற்பூரம் வைத்திருப்பார்கள், இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளரிடம் நீங்களே சொல்லி வைக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், நிகழ்ச்சிக்கு முன்பே விளக்கை மேடை ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கச் சொல்வது. விளக்குக்கு ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் நீங்கள் நிற்க இடம் வேண்டும். ஃப்ளாஷை முழு வலுவில் அடித்தால் சுடரே தெரியாது. ஃப்ளாஷைக் குறைத்து, ஷட்டரை 1/60 நொடி அளவில் வைத்தால் சுடரும் முகமும் சேர்ந்து கிடைக்கும்.

பொன்னாடை இன்னொரு சோதனை. போர்த்துகிற அந்த நொடியில் எடுத்தால் துணி முகத்தை மறைத்திருக்கும், அல்லது இருவரும் குனிந்திருப்பார்கள். தோளில் உட்கார்ந்ததும் "சார், இங்கே ஒரு நிமிஷம்" என்று தயங்காமல் குரல் கொடுங்கள். கல்யாணத்தில் கேண்டிட் எடுத்துப் பழகியவர்களுக்குக் குரல் கொடுக்கக் கூச்சமாக இருக்கும். இங்கே கூச்சப்பட்டால் நினைவுப் பரிசு வாங்குகிற படத்தில் சேர்மன் கண்ணை மூடியிருப்பார்.

மேடைக்குப் பின்னால் இப்போதெல்லாம் எல்இடி சுவர். இது ஒரு தொழில்நுட்பத் தலைவலி, கவனியுங்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் முழுச் சுற்று உள்ளே வந்துவிடும், படத்தில் பட்டை விழாது. 1/500-க்குப் போனால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக, பாதி மஞ்சளாக வரும். எல்இடி சுவருக்கோ தனக்கென்று ஒரு வேகம் உண்டு. சத்தம் வரக்கூடாது என்று எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றினீர்கள் என்றால் பெரும்பாலான கேமராக்களில் சுவர் முழுக்கக் கோடு கோடாக வரும். அதனால் மெக்கானிக்கல் ஷட்டரில், விழா தொடங்குவதற்கு அரைமணி முன்பே, சுவரை ஓட விட்டு நாலைந்து வேகத்தில் எடுத்துப் பார்த்துவிடுங்கள். பேச்சாளர் பின்னால் ஸ்லைடு ஓடும்போது அவர் தலையிலிருந்து ஒரு எழுத்து முளைத்தது போல் நிற்கும்; இரண்டடி நகர்ந்தால் சரியாகிவிடும்.

டெலிவரி விஷயத்திலும் கல்யாண வேகம் இங்கே ஆகாது. செய்திக் குறிப்போடு அனுப்ப அன்று மாலை ஐந்தாறு மணிக்குள் பத்து இருபது படம் கேட்பார்கள். அதற்காகவே கேமராவில் ஒரு கார்டில் ரா (முழுத் தகவலுள்ள மூலக் கோப்பு), இன்னொரு கார்டில் ஜேபெக் (உடனே அனுப்பக்கூடிய சிறிய கோப்பு) என்று பதிய விட்டு, இடைவேளையில் தேர்ந்தெடுத்து போனிலிருந்தே அனுப்புவேன். இடமிருந்து வலம் யார் யார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். பெயர் கேட்டு இரவு பத்து மணிக்கு வருகிற போன்கள் அதனால் மிச்சமாகும்.

சரி, ஓட்டல். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்ததும், அதிகம் வியர்க்க வைப்பதும் இதுதான். மதியச் சாப்பாடு முடிந்து இரவு டிபன் தொடங்குவதற்கு முன், ஏறக்குறைய மூன்று மணி முதல் ஆறு மணி வரைதான் உங்களுக்கு நேரம். அதற்குள் எத்தனை பிளேட் என்று முன்பே மாஸ்டரோடு உட்கார்ந்து பட்டியல் போட வேண்டும். முதலாளியோடு போட்டால் போதாது. அவர் எல்லாம் முடியும் என்பார். அடுப்பு எத்தனை, கல் எத்தனை என்பது மாஸ்டருக்குத்தான் தெரியும்.

பட்டியலின் வரிசையை உணவின் ஆயுள் தீர்மானிக்கும். இனிப்பு, பொரியல், வறுவல் எல்லாம் காத்திருக்கும். சாம்பார் சில நிமிடத்தில் மேலே ஆடை கட்டும், தேங்காய்ச் சட்னி ஓரத்தில் நீர் விடும். கூம்பாக நிற்கும் நெய் ரோஸ்ட் பேசிக்கொண்டிருக்கும்போதே தளர்ந்து சாயும். ஃபில்டர் காபியின் நுரைக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. டிகாஷனையும் பாலையும் தனித்தனியாகச் சூடாக வைத்துக்கொண்டு, கேமரா தயாரான பிறகு ஆற்றச் சொல்லி, நுரை அடங்கினால் மறுபடி ஆற்ற வேண்டியதுதான். அதனால் லைட் வைப்பதற்கு ஒரு டம்மி பிளேட் எப்போதும் வேண்டும். பழைய தோசை ஒன்றை வைத்து கோணம், வெளிச்சம், ஃபோகஸ் எல்லாம் முடித்துவிட்டு, "மாஸ்டர், இப்ப ஊத்துங்க" என்று சொன்னால் போதும்.

வெளிச்சத்துக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். முதலில் செய்ய வேண்டியது அந்த மேஜைக்கு மேல் எரியும் டியூப் லைட்டையும் மஞ்சள் விளக்கையும் அணைப்பது. ஒரு ஜன்னலோ, சாஃப்ட்பாக்ஸ் போட்ட ஒரு ஃப்ளாஷோ பிளேட்டுக்குப் பின்பக்கமாகக் கடிகார முள்ளின் பத்து மணி திசையிலிருந்து வரட்டும். முன்னால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் பளபளப்பதும், பிரியாணியின் ஆவி தெரிவதும் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில்தான். ஆவி தெரிய வேண்டுமென்றால் பின்னணி கறுப்பாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். வாழை இலை சாப்பாட்டை மேலிருந்து எடுக்கும்போது இலை பாதிக்கு மேல் வெள்ளையாகப் பளிச்சிடும். லென்ஸில் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் கண்ணாடி ஒன்றை மாட்டித் திருப்பினால் பச்சை திரும்பி வரும்.

இலை என்றதும் ஒன்று. நுனி சாப்பிடுபவரின் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் சரியாகத்தான் எடுப்பீர்கள். மெனுவில் எழுத்துக்கு இடம் வேண்டும் என்று டிசைனர் படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவார், நுனி வலது பக்கம் போய்விடும், பிறகு ஊரே அந்த ஓட்டலைத் திட்டும். அதனால் இலைப் படங்களில் இரண்டு பக்கமும் காலி இடம் விட்டு எடுத்துக் கொடுங்கள், "திருப்ப வேண்டாம்" என்று எழுதியும் அனுப்புங்கள்.

நம் ஊர் சமையலில் பழுப்பு நிறம்தான் பெரிய சவால். பள்ளிபாளையம் சிக்கன் நாக்குக்குச் சொர்க்கம், கேமராவுக்கு வெறும் பழுப்புக் குவியல். அதில் சேர்கிற தேங்காய்ப் பல்லையும் காய்ந்த மிளகாயையும் கொஞ்சம் தனியாக வதக்கி வைக்கச் சொல்லி, எடுக்கும் நேரத்தில் மேலே தூவுங்கள். கறிவேப்பிலை கறுத்திருந்தால் எடுத்துவிட்டுப் பச்சையாக நாலு போடுங்கள். இதெல்லாம் அந்தச் சமையலிலேயே இருக்கிற பொருள், தப்பில்லை. இல்லாததைக் காட்டுவதுதான் தப்பு. அமெரிக்காவில் கேம்ப்பெல் சூப் விளம்பரத்தில், காய்கறித் துண்டுகள் மூழ்காமல் மேலே தெரிவதற்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டு எடுத்தார்கள்; அந்நாட்டு வர்த்தக ஆணையம் 1970 வாக்கில் அதை ஏமாற்று விளம்பரம் என்று பிடித்தது. நம் நாட்டிலும் தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் மீது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நடவடிக்கை எடுக்க முடியும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், படத்தில் எட்டுத் துண்டு, டப்பாவில் மூன்று துண்டு என்றால் ஆப்பில் வரும் முதல் விமர்சனமே அதுவாகத்தான் இருக்கும்.

டெலிவரி ஆப்புக்கு எடுக்கும் படம் வேறு, சுவரில் மாட்டும் படம் வேறு. ஆப்பில் ஒரே உணவு, ஃபிரேம் நிறைய, எழுத்தோ லோகோவோ இல்லாமல். அங்கே மரப் பலகை, ஏலக்காய், பழைய பித்தளைச் சொம்பு என்று அலங்காரம் வைத்தால் போனில் எதுவுமே தெரியாது.

பொருள் படங்களுக்கு வருவோம். கோவை, திருப்பூர்ப் பக்கம் இருப்பவருக்கு இதில் வேலைக்குப் பஞ்சமில்லை: பனியன், டி-ஷர்ட், பம்ப், கிரைண்டர், நகை, பட்டு. இங்கே உங்கள் கலையை விட உங்கள் ஒழுங்குக்குத்தான் காசு. திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவர் இன்று நாற்பது சட்டை கொடுப்பார், அடுத்த மாதம் அதே சட்டையின் இன்னும் ஆறு நிறம் வரும். புதிய ஆறும் பழைய நாற்பதோடு ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். கேமரா உயரம், லைட்டின் தூரம், ஃப்ளாஷ் அளவு எல்லாவற்றையும் இஞ்ச் டேப்பால் அளந்து எழுதி, அமைப்பையே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தரையில் டேப் ஒட்டுங்கள். எல்லாம் மேனுவலில். கசங்கலை நீராவி இஸ்திரியால் எடுப்பதற்கு ஒரு உதவியாளர் கட்டாயம்; அவரில்லாமல் நாற்பது பீஸ் ஒரு நாளில் முடியாது. சட்டையைப் பொம்மையில் மாட்டி எடுத்து, பிறகு பொம்மையை அழித்து, கழுத்தின் உட்பக்கத்தைத் தனியாக எடுத்து ஒட்டுகிற வேலை கேட்டால், ஒரு பீஸுக்கு இரண்டு படம், எடிட்டிங் இரு மடங்கு என்று கணக்குப் போடுங்கள்.

அமேசானுக்கு என்றால் முதல் படம் தூய வெள்ளைப் பின்னணியில், ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) மூன்றும் 255 ஆக இருக்க வேண்டும். பொருள் ஃபிரேமில் 85% நிறைய வேண்டும். பெரிதாக்கிப் பார்க்கும் வசதிக்கு நீளமான பக்கம் குறைந்தது 1000 பிக்சல் வேண்டும். இதையெல்லாம் வாடிக்கையாளர் சொல்ல மாட்டார். நிராகரித்து வந்த பிறகு உங்களைத்தான் கூப்பிடுவார்.

எவர்சில்வர் பாத்திரம், கிரைண்டர் டிரம் போன்றவற்றைப் படம் எடுப்பது என்றால் அதில் தெரியும் அறையைப் படம் எடுப்பது என்றே அர்த்தம். நீங்கள், ஸ்டாண்டு, ஜன்னல், சுவரில் மாட்டிய சாமி படம் எல்லாம் உள்ளே வரும். லைட்டை நேராக அடிக்காமல் டிரேஸிங் பேப்பரை ரோலாக வாங்கிச் சுற்றிலும் திரையாகக் கட்டி அதன் வழியாக விடுங்கள். பிறகு இரண்டு ஓரத்திலும் கறுப்புச் சார்ட்டை நிறுத்தினால்தான் விளிம்பு தெரியும், இல்லையென்றால் வெள்ளையில் வெள்ளையாகக் கரைந்துவிடும்.

பட்டுப் புடவையில் நிறம்தான் எல்லாம். மயில்கழுத்து நிறத்தைப் பாருங்கள்: பாவு (நெடுக்கு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். ஒரு கோணத்தில் நீலம், கொஞ்சம் சாய்த்தால் பச்சை. எந்தக் கோணத்தில் எடுத்தாலும் பாதி உண்மைதான் வரும், அதனால் விரித்த படம் ஒன்றும் மடிப்பு விழுந்த படம் ஒன்றும் கட்டாயம் கொடுங்கள். மலிவான எல்இடி விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு சரியாக வராது. அரக்கு நிறம் செங்கல் நிறமாகிவிடும். ஃப்ளாஷ்தான் பாதுகாப்பு. நிறத்தைச் சரிபார்க்க உதவும் கலர் கார்டை வைத்து முதல் படம், பிறகு எடிட்டிங் முடியும் வரை புடவை பக்கத்திலேயே இருக்கட்டும். கடைக்காரர் அவசரமாகத் திரும்பக் கேட்பார், கொடுக்காதீர்கள். நிறம் வேறு என்று திரும்பி வரும் ஒவ்வொரு புடவையும் அவருக்குத்தான் நஷ்டம் என்று சொன்னால் புரிந்துகொள்வார். இதே படம் சிவகாசிக்கு அச்சுக்குப் போனால் திரையில் பளிச்சென்ற பச்சையும் நீலமும் சிஎம்ஒய்கே என்ற நாலு நிற அச்சு மையில் மங்கும். மாதிரி அச்சான புரூஃப் பார்க்காமல் சரி சொல்ல வேண்டாம் என்று முன்பே எழுதிவிடுங்கள்.

நகை வேலையைத் தொடக்கத்தில் எடுக்காதீர்கள். மிக அருகிலிருந்து எடுக்கும் மேக்ரோ லென்ஸ், ஃபோகஸை அடுக்கடுக்காக எடுத்துச் சேர்ப்பது, தூசி துடைப்பது என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எடை போட்டு வாங்கி எடை போட்டுத் திருப்பும் பொறுப்பு. கடை ஆள் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க மாட்டார் என்றால் அந்த வேலையே வேண்டாம்.

கருவி பற்றிக் கேட்டீர்கள். இரண்டு கார்டு போடும் வசதியுள்ள கேமரா உடல் ஒன்று, 24-70 லென்ஸ், இரண்டு ஃப்ளாஷ், அவற்றைக் கேமராவிலிருந்து இயக்கும் ட்ரிகர், லேப்டாப்போடு இணைக்க ஒரு கேபிள். கேபிளை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். படம் பெரிய திரையில் வரும்போதே முதலாளி பார்த்து "சரி" சொல்லிவிட்டால் திரும்ப எடுக்கும் பேச்சே வராது. 70-200, மேக்ரோ எல்லாம் வேலை வரும்போது வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், வாடகையை பில்லில் சேர்த்துவிடுங்கள்.

ரேட்டை எல்லாவற்றுக்கும் நாள் கணக்கில் சொல்லாதீர்கள். நிகழ்ச்சிக்கு மணி நேரம்; நேரம் தாண்டினால் மணிக்கு இவ்வளவு என்று முன்பே. ஓட்டலுக்கு ஒரு அமர்வில் இத்தனை பிளேட். கேட்டலாகுக்குப் பீஸ் கணக்கு. விளம்பரத்துக்கு எடுக்கும் சம்பளம் தனி, பயன்படுத்தும் உரிமை தனி. மெனுவுக்கு என்று வாங்கிய படம் ஆறு மாதத்தில் ஹோர்டிங்கில் நிற்பதைப் பார்த்துப் புலம்புகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. சட்டப்படி அவர்கள் நிலைமை நினைப்பதை விட மோசம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவைப் படியுங்கள்: ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். படம் எடுத்தவர் அல்ல. எனவே வாய்ப் பேச்சில் வேலை எடுத்தால் நீங்கள் கேட்கவே வழியில்லை. கொட்டேஷனிலேயே "பதிப்புரிமை புகைப்படக்காரரிடம், மெனு, சமூக ஊடகம் ஆகியவற்றுக்கு இத்தனை வருட அனுமதி, ஹோர்டிங், அச்சு விளம்பரம் தனிக் கட்டணம்" என்று மூன்று வரி போட்டு, கையெழுத்தோடு திருப்பி வாங்குங்கள். முழு உரிமையும் எழுதிக் கேட்கும் பெரிய கம்பெனி வந்தால் பயப்பட வேண்டாம், விலையை ஏற்றிச் சொல்லி விற்றுவிடலாம். ஆனால் காலமும் இடமும் எழுதுங்கள்; எழுதாவிட்டால் சட்டம் 5 ஆண்டு, இந்தியாவுக்குள் என்று எடுத்துக்கொள்ளும்.

கடைசியாகப் பணம் வருவது. தனி நபர்களிடம் பாதி அட்வான்ஸ், மீதி படம் கொடுக்கும்போது. கம்பெனிகள் அப்படித் தராது. பில் போட்டுக் காத்திருக்க வேண்டும். சேவைக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, தாண்டினால் 18% சேர்த்து பில் போட வேண்டும். பில் பணத்திலிருந்து வருமான வரிக்காகச் சிலர் ஒப்பந்த வேலை என்று 1% பிடிப்பார்கள், சிலர் தொழில்முறைச் சேவை என்று 10%. பிடித்ததை உங்கள் பான் எண்ணில் கட்டினார்களா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், இந்த வாரமே செய்துவிடுங்கள். சிறு தொழிலாகப் பதிவு செய்தவருக்கு, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி. நடைமுறையில் வட்டி கேட்டு யாரும் வாடிக்கையாளரை இழக்க மாட்டார்கள். ஆனால் கெடு தாண்டிய பாக்கியை வருடக் கடைசிக்குள் தீர்க்காவிட்டால், அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் கம்பெனி கழித்துக்கொள்ள முடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். அவர்கள் கணக்காளருக்கு இது நன்றாகத் தெரியும். உத்யம் எண்ணை பில்லிலேயே அச்சடித்து அனுப்புங்கள், பழைய பாக்கிக்கு மார்ச் முதல் வாரத்தில் போன் போடுங்கள்.